சிவப்புத் துணி கட்டிய கிளை

எங்கள் தாஃபோ பக்கம் எல்லா வீட்டுச் சுவரிலும் எண் எழுதியிருக்கிறது. அதைப் படித்து வீடு கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, எரிந்துபோன டயர்க் கடைக்கு எதிரில் என்று சொன்னால்தான் ஆள் வந்து சேரும். கடை போய்விட்டது, 'எதிரில்' மட்டும் மிச்சம். அஜுவா பிராகோவைத் தேடி வருகிறவர்களுக்கு அவ்வளவு விவரம்கூடத் தேவைப்படவில்லை. "சிவப்புப் பூ மேடம்" என்றால் டாக்ஸிக்காரர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் வாசலில் இறக்கிவிடுவார்.

எங்கள் வீடு நடுவில் முற்றம் வைத்துச் சுற்றிலும் அறைகள் கட்டியது. அறைக்கு ஒரு குடித்தனம். தெருவைப் பார்த்த முன்னறையில் பிராகோவின் தையல் மெஷின், அதற்கு நேரே கேட்டுப் பக்கத்தில் அந்தச் செடி. செடி என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவரைப் பிடித்து ஏறி, கேட்டின் ஒரு கதவை மூடவே விடாமல் நிறுத்திவைத்த புதர் அது. தோட்டக்காரர்கள் முசாண்டா என்பார்கள். பூ என்று எல்லோரும் கை காட்டுவது உண்மையில் பூ இல்லை, உள்ளங்கை மாதிரி விரிந்த சிவப்பு இலை. நிஜப் பூ நடுவில் ஒரு வெளிறிய சின்ன நட்சத்திரம், அதை யாரும் கவனிப்பதில்லை. வெள்ளைக்காரர்கள் இதற்கு 'அசாந்தி ரத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அசாந்திக்காரர்களான எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு ஏதாவது திரவம் சொல்லியிருப்போம்.

பிராகோ தைப்பது சாவுத் துணி. யார் எந்தக் கிழமையில் செத்தாலும் ஐஸில் வைத்திருந்து சனிக்கிழமை பார்த்து எடுக்கிற ஊர் எங்களுடையது. சாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் கட்டுவது கறுப்பு, நெருங்கிய சொந்தம் என்றால் கொபெனே என்கிற சிவப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அறையில் தரை தெரியாது, அத்தனை வெட்டுத் துண்டு. மாம்போங்கிலிருந்து தொழில் கற்க வந்தபோது அவள் கற்றது என்னவோ கல்யாண உடுப்புதான். கல்யாணப் பெண்கள் இடுப்பு சரியாக வரவில்லை, கை ஏறிவிட்டது என்று திரும்பத் திரும்ப வந்து நின்றார்கள். சாவுத் துணி கட்டிக்கொள்கிறவர்கள் யாரும் இடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்று கண்டுபிடித்தாள், இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

கணவர் இத்தாலிக்குப் புறப்பட்டவர். "இன்னும் போய்க்கிட்டே இருக்கார், பெரிய தேசம் போல" என்பாள். அவர் திரும்பி வந்து இருப்பதற்காக அபுவாக்வா தாண்டி ஒரு மனையில் ஆரம்பித்த வீட்டை, அவர் வராமலே கல் கல்லாக ஏற்றித் தகரம் வரைக்கும் கொண்டுபோயிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் அடெய் பெரியவர் இறந்துபோனார். எங்களிடம் மருமக்கள்தாயம். பிள்ளைகள் அழுவார்கள், அக்கா தங்கை மகனான மருமகன் சாவியை வாங்கிக்கொள்வான். சாவி வாங்கிய மருமகன் யாவ் பெக்கோ, தேமா துறைமுகத்தில் நல்ல வேலையில் இருந்தவன். நல்ல ஷூ போட்டு வந்தான். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பிராகோவிடம் வந்து நின்றான்.

"மேடம், முன்பக்கம் பூராவும் கடை கட்டப்போறேன். கிறிஸ்துமஸுக்குள்ள காலி பண்ணிக் குடுங்க."

"குடுத்திடறேன். என் வீட்டுக்குத் தகரம் போட்டாச்சு. இந்தச் செடியை என்ன பண்ணப்போறீங்க?"

"எந்தச் செடி?" அவன் அதற்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தான். "ஓ, இதுவா? வெட்டி எறிஞ்சிடுவாங்க."

"வேரோட தோண்டி எடுத்துக்கட்டுமா?"

"வேரு சுவருக்கு அடியில போயிருக்கு. சுவர் சாஞ்சா நீங்க கட்டித் தருவீங்களா? அதுவும் இல்லாம, நிலத்துல நிக்கறது குடும்பத்துச் சொத்து. மாமாவோடது." கொஞ்சம் யோசித்து, தாராள மனசோடு சொன்னான்: "வேணும்னா பூ பறிச்சுக்குங்க."

கேட்டின் மறுபக்கம் வாக்யே விற்கிற டுஃபியேவுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. சோற்றையும் காராமணியையும் கிளறிக்கொண்டே சொன்னாள்: "போனா போகுது, அங்க ஒரு போர்டு எழுதி வை."

"இந்தத் தெருவுலயே எத்தனை போர்டு இருக்கு பாத்தியா? எல்லாத்துலயும் தேவகிருபைத் தையலகம்னுதான் எழுதியிருக்கு. எந்த தேவகிருபைன்னு எவளுக்குத் தெரியும்? என் பேரு எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லு. என் பேரே அந்தச் செடியோட பேருதான். காட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு நான் யாருன்னு சொல்லிக் கூப்பிடறது?"

டுஃபியே யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளே 'பிராகோ' என்று சொல்லி யாருக்கும் வழி காட்டியதில்லை.

பிராகோ முதலில் கிளையை வெட்டிப் பால் டின்னில் நட்டாள். செம்பருத்திக்கும் காகிதப்பூவுக்கும் அது போதும். இதற்குப் போதவில்லை. மேல் இலை பச்சையாகவே இருக்க, கீழே மண்ணுக்குள் தண்டு கறுத்து அழுகியது. டின் டின்னாகப் போனது. பிறகு யூனிவர்சிட்டி சாலை ஓரத்தில் நாற்று விற்கிற சாலிஃபுவிடம் போய்ச் சிவப்பு என்று ஒன்று வாங்கிவந்தாள். அது மொட்டு விட்டு விரிந்த அன்றே, செடியை மடியில் வைத்துக்கொண்டு வேன் ஏறித் திரும்ப அவனிடம் போனாள்.

"இது என்ன நிறம், சாலிஃபு?"

"சிவப்பு, மேடம்."

"டின் மீன் நிறம். இந்த நிறத்துல துணி கட்டிக்கிட்டுப் போனா பொணம் எழுந்து சிரிக்கும்."

"இளஞ்சிவப்பு மேடம். அதுவும் சிவப்போட பிள்ளைதானே."

"எங்ககிட்ட பிள்ளைக்குப் பங்கு கிடையாது. வடக்கத்திக்காரனா இருந்தாலும் இத்தனை வருஷத்துல தெரிஞ்சிருக்கணும் உனக்கு."

சாலிஃபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையும் வந்தது. அசல் சிவப்பு குச்சியில் பிடிக்காது, பிடித்தால் தானே விற்கமாட்டேனா என்றான். "பதியம்தான் மேடம் போடணும். கிளை தாய்ச்செடியிலயே இருக்கட்டும். வளையல் மாதிரி ஒரு விரல் அகலத்துக்குச் சுத்தி பட்டையை உரிச்சிடுங்க. உள்ள வழவழன்னு இருக்கும், அதையும் சுரண்டிடணும், இல்லேன்னா பட்டை மறுபடி கூடிக்கும். ஈரத் தேங்கா நாரை வெச்சு, பாலித்தீன் பையால மூடி, ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்க. மழை முடியறதுக்குள்ள வேர் விட்டுடும். ஆனா அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. பிரிச்சுப் பாக்கவும் கூடாது."

"எங்க முற்றத்துல ஒருத்தரும் தொடாம ஒண்ணா?" என்றாள் பிராகோ.

ஒரு சனிக்கிழமை, கடைசி வாடிக்கைக்காரி துணி வாங்கிப்போன பிறகு, வேலை ஆரம்பித்தாள். தையல் பிரிக்கிற பிளேடால் பட்டையை உரித்தாள். இளநீர்க்காரனிடம் நார். பை என்றால், எங்களூரில் எதை வாங்கினாலும் கூடவே வருகிற கறுப்புப் பை. கட்டுவதற்குச் சணல் தேடினாள், இல்லை. காலடியில் கொபெனேத் துண்டுகள் கிடந்தன. ஒன்றை நீளமாகக் கிழித்து, மேலும் கீழும் சுற்றி, முனையை உள்ளே மடித்துச் சொருகினாள். தையல்காரி கட்டிய கட்டு, முடிச்சு எங்கே என்று தெரியாது.

இப்போது நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை உடுத்திச் சர்ச்சுக்குக் கிளம்பிய டுஃபியேவின் இடத்தில் நின்று பாருங்கள். வீட்டுக்கார மருமகன் ஒரு பெண்பிள்ளையைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறான். அவன் போய்வருகிற கேட்டுக்கு மேலே, தலைக்கு நேராக, சாவுத் துணி தைக்கிற கை சாவுத் துணியையே கிழித்துக் கட்டிய கறுப்பு மூட்டை ஒன்று தொங்குகிறது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் தோட்ட வேலை என்று நினைத்திருப்பான். எங்களுக்கு விவரம் தெரியும்.

"பிராகோ, அது என்னது?"

"பதியம்."

"யார் பேர்ல?"

"செடி பேர்ல. வேர் வரதுக்கு. உள்ள தேங்கா நாரு."

"சரி சரி. நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் பிராகோ வாங்கின வாக்யேயில் கேட்காமலே ஒரு முட்டை கூடுதலாக இருந்தது.

அதன் பிறகு எங்கள் கேட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. பந்து விளையாடிய பிள்ளைகள் பின்பக்கம் போனார்கள். குடித்துவிட்டு வந்து அந்தச் சுவரில் சாய்கிறவர் நிமிர்ந்து நடந்தார். கடை கட்ட வந்த ஆட்கள் வெட்டுக்கத்தியோடு வந்து, மேலே பார்த்து, கத்தியைச் சாணை பிடிக்கணும் என்று திரும்பிப் போனவர்கள்தான், சாணை பிடித்து முடிக்கவே இல்லை. ஆரம்பத்தில் பிராகோ எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பட்டை, நார், வேர் என்று விளக்கினாள். விளக்க விளக்க அவர்கள் இன்னும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "தேங்கா நாருன்னா தேங்கா நாருதான் மேடம். நீங்க சொன்னா சரி."

ஒரு கட்டத்தில் விளக்குவதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். ஆனால் மூடிய பிறகு முகத்தில் ஒரு சௌகரியம் தெரிந்தது. மூட்டையை ஒருவரும் தொடவில்லை. சாலிஃபு கேட்டதும் அதுதானே.

பெக்கோ தேமாவிலிருந்து வந்து வேலையாட்களைத் திட்டினான். அவர்கள் மேலே காட்டினார்கள். அவனும் பார்த்தான். படித்தவன், இதெல்லாம் பட்டிக்காட்டு நம்பிக்கை என்று உரக்கச் சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பியவன் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த கம்பியில் காலை இடித்துக்கொண்டான். பெருவிரலில் காயம். அவனுக்குச் சர்க்கரை வியாதி, தேமா டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். காயம் ஆறவில்லை. மாமாவின் உள்ளறையிலேயே படுத்துக்கொண்டான். அவன் வீட்டார் ஆஸ்பத்திரிக்குப் பதிலாகத் தீர்க்கதரிசி ஏனோக்கை அழைத்துவந்தார்கள். அவர் காலில் எண்ணெய் தடவி, "இது ஊசிக்குப் போற நோய் இல்லை. ஊசி போட்டா கட்டினவங்களுக்குப் பலம்" என்று சொல்லி உபவாசம் போட்டார். கட்டினவள் முன்னறையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். சத்தம் அவர்களுக்கெல்லாம் கேட்டது.

"ஏண்டி, காலு கறுத்துப்போச்சாமே" என்றாள் டுஃபியே மெதுவாக. "அடுத்த விரலுக்கும் ஏறிடுச்சாம். உனக்குத் தெரியாததா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, தெரியாது."

பிராகோ மெஷினை நிறுத்தினாள். அன்றைக்கு அதற்கு மேல் தைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பெக்கோவே வந்தான். ஒரு துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு, காலில் துணி சுற்றிக்கொண்டு. வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

"மேடம், உக்காரலாமா?"

அவனுடைய வீட்டில் அவன் அனுமதி கேட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"புதரு இருக்கட்டும். சுவரும் இருக்கட்டும். இந்த அறையும் உங்களுக்கே, நீங்க இருக்கற வரைக்கும். கடையைப் பின்பக்கம் கட்டிக்கறேன். அதை மட்டும் அவுத்துடுங்க."

அவள் கேட்டதெல்லாம் மடியில் வந்து விழுந்துவிட்டது. செடி, இடம், பெயர், மூன்றும். "சரி, பாக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மழை இன்னும் பாதிகூட முடியவில்லை. முடிந்ததும் அவிழ்த்தால் வேரும் ஆச்சு, வீடும் ஆச்சு. அவள் அவன் காலைப் பார்த்தாள். அந்தக் கால் மழை முடியும் வரை காத்திருக்கிற காலாகத் தெரியவில்லை.

"அவுத்தா ஆஸ்பத்திரிக்குப் போவியா?" என்று கேட்டாள். அதுவரை நீங்க என்றுதான் அவனைச் சொல்லிவந்தாள்.

"அவுத்தாச்சுன்னா ஆஸ்பத்திரி எதுக்கு? தானா ஆறிடுமே."

இந்த இடத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல மனசோடு அவிழ்த்தாலும் இவன் இந்தக் கட்டையை ஊன்றிக்கொண்டு போய்ப் படுத்து, குணமாகிறது என்று நம்பிக்கொண்டே செத்துப்போவான். அவிழ்ப்பது போதாது. உள்ளே ஒன்றுமில்லை என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

"எழுந்திரு. வா" என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

முற்றம் முழுக்கப் பின்னால் வந்தது. ஏனோக் எண்ணெய்ப் புட்டியோடு ஓடிவந்தார். "கத்தரியால வெட்டக் கூடாது. ஜெபம் பண்ணி முறையா—"

"தீர்க்கதரிசியாரே, தள்ளி நில்லுங்க. வெள்ளைச் சட்டை, நார் விழுந்தா கறை போகாது."

சிவப்புத் துணியை வெட்டினாள். பையைப் பிரித்து, ஈர நாரை ஒரு கைப்பிடி எடுத்து பெக்கோவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மோந்து பாரு. என்ன வாசனை?"

அவன் முகர்ந்தான். "தேங்கா."

"இன்னும் பாரு."

உரித்த வளையத்தின் மேல் உதடு தடித்து வீங்கியிருந்தது. அதிலிருந்து அரிசி முனை அளவுக்கு வெள்ளை வெள்ளையாக நாலைந்து நுனிகள் எட்டிப் பார்த்தன.

"உயிரோட இருக்கு" என்றாள் டுஃபியே. இரண்டு மூன்று பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

"வேருடி. வேரு. உயிரோட இருக்கத்தானே இவ்வளவு பாடு. இத்தனை நாளா இதைத்தானே சொன்னேன்."

பெக்கோ கையிலிருந்த நாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "வெறும் நாரா?" என்றான். அதில் நிம்மதியைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது. ஒருத்தி மெனக்கெட்டு மூட்டை கட்டிக் கொல்லப் பார்க்கிற அளவுக்குப் பெரிய மனுஷனாக இத்தனை நாள் படுத்திருந்தான். இப்போது வெறும் சர்க்கரைக்காரன்.

"அப்ப எனக்கு இது என்ன?"

"உன் டாக்டர் சொன்னதுதான். போய்ச் சேரு. நீ செத்தா உங்க குடும்பம் மொத்தத்துக்கும் நான்தான் துணி தைக்கணும். பாதிப் பேருக்கு இடுப்பே கிடையாது, எங்க அளவெடுக்கறது?"

யாரோ சிரித்தார்கள். பெக்கோவும் சிரித்த மாதிரி இருந்தது, அப்புறம் அழுதான். டுஃபியேதான் ஓடிப்போய் டாக்ஸி பிடித்துவந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றினார்கள்.

பிராகோ அங்கேயே நாரைத் திரும்ப வைத்துக் கட்டினாள். இந்தத் தடவை தண்ணீர் பாக்கெட்டின் கண்ணாடிப் பை, வெள்ளை நூல். எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பார்த்தார்கள். பார்த்தால் பரவாயில்லை, தொட்டார்கள். பிள்ளைகள் அமுக்கிப் பார்த்தார்கள். டுஃபியே தினமும் கடை விரிக்கும்போது கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, "வளந்திருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தாள். பயம் காத்த அளவுக்கு அன்பு காக்கவில்லை. பாதி வேர் அழுகிப்போனது.

பெக்கோவும் பழைய திட்டத்துக்குத் திரும்பிவிட்டான். மூட்டைக்காகச் சொன்ன வாக்கு, மூட்டையில் ஒன்றுமில்லை என்றதும் அதுவும் ஒன்றுமில்லை. பிராகோ கிளையைக் கட்டுக்குக் கீழே வெட்டி, பெயிண்ட் வாளியில் நட்டு, மெஷினை டாக்ஸிக்கு மேலும் வாளியை மடியிலும் வைத்துக்கொண்டு அபுவாக்வாவுக்குப் போனாள். அந்த வாரமே சுவரும் புதரும் போயின.

அங்கே அவள் பயந்தபடியேதான் நடந்தது. சிவப்புப் பூ மேடம் எங்கே என்று கேட்டுவந்தவர்கள் பூவைக் காணாமல் அடுத்த தேவகிருபைக்குப் போனார்கள். வாளியில் இருந்தது இலையெல்லாம் கொட்டி ஒரு குச்சியாக நின்றது. அவள் அதை மாமர நிழலில் வைத்து, மேலே ஒரு பையைக் கவிழ்த்து, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் காலம் தள்ளினாள். அடுத்த மழையில் குச்சியின் கணுவில் பச்சை வந்தது. தரையில் இறக்கினாள். அதற்கும் அடுத்த மழையில் ஒரே ஒரு சிவப்பு.

பெக்கோ ஒருநாள் கைத்தடியோடு அங்கே வந்து இறங்கினான். வழி தவறி மூன்று தெரு சுற்றி, கடைசியில் செடியைப் பார்த்துத்தான் டாக்ஸியை நிறுத்தினானாம். உயிர் பிழைத்ததற்குச் சர்ச்சில் நன்றி ஆராதனை வைக்கப்போகிறான், வெள்ளைச் சட்டை வேண்டும்.

பிராகோ டேப்பை எடுத்தாள். அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"பழைய சட்டை கொண்டுவந்திருக்கேன் மேடம். அதைப் பாத்தே தைச்சிடுங்களேன்."

"ஏன்?"

"இல்ல, நீங்க அளவெடுத்தா..."

"நான் அளவெடுக்கறது அழறவங்களை. படுத்திருக்கறவங்களை இல்ல. கையைத் தூக்கு."

கையைத் தூக்கினான். தோளை அளக்கும்போது அவன் கண் வெளியே செடியின் மேல் இருந்தது.

"கடை எல்லாம் கட்டி முடிச்சிட்டேன் மேடம். ஆளே வரதில்ல. எல்லாரும் சிவப்புப் பூ இருந்த இடம்னுதான் தேடறாங்க. பூ இல்லேன்னதும் தாண்டிப் போயிடறாங்க."

"ம்."

"இதுல ஒரு கிளை கிடைக்குமா?"

"நிலத்துல நிக்கறது சொத்து" என்றாள் பிராகோ டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "வேணும்னா பூ பறிச்சுக்கோ."

இருந்தது ஒரு பூதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டாள்.

"சரி, தழைஞ்சு வரட்டும். அடுத்த மழைக்கு ஒரு பதியம் போட்டுத் தரேன். வேர் விடற வரைக்கும் இங்கேயேதான் இருக்கும். இங்கயும் பிள்ளைங்க பந்து விளையாடுது, பாத்தியா."

பெக்கோ பார்த்தான். பிறகு தரையில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். சீருடைக் காக்கிக்கு நடுவே கொஞ்சம் சிவப்பும் இருந்தது, அந்தப் பக்கத்துச் சாவு வீடுகள் மெதுவாக அவளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தன.

"எந்தத் துணியில கட்டுவீங்க, மேடம்?"

"உனக்கு எது வேணுமோ அதுல. வெள்ளைகூட இருக்கு."

அவன் விரல் போன காலை மாற்றி ஊன்றிக்கொண்டு நிஜமாகவே யோசித்தான்.

"சிவப்புலயே கட்டிடுங்க" என்றான். "ஒருத்தரும் தொடமாட்டாங்க."